பளபளன்னு இருந்தா போதுமா? (பவுடர் கோட்டிங்கும் மாமாவோட புல்லட்டும்)

முதல்லயே சொல்லிடறேன். நான் மெக்கானிக் இல்ல, பெயிண்டரும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா கையில ஸ்பேனரைத் தூக்கிட்டு வீட்டம்மாகிட்ட திட்டு வாங்குற சாதாரண ஆசாமி. அதனால இதைப் பெரிய நிபுணர் சொன்ன அறிவுரையா எடுத்துக்காதீங்க. சூடு பட்டவன் சொல்றான்னு எடுத்துக்குங்க.

சமாச்சாரம் இதுதான். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறேன்னு கிளம்புற பத்துப் பேர்ல எட்டுப் பேர் இப்ப சேஸைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பிடறாங்க. "பெயிண்ட்லாம் யாருங்க இப்ப அடிக்கிறா, பவுடர் போட்டா ஆயுசுக்கும் கவலையில்ல"ன்னு ஒரு வசனம் வேற. நானும் அதே வசனத்தைப் பேசினவன்தான். இப்ப அதை வாபஸ் வாங்கிக்கிறேன். பழைய வண்டியோட சேஸுக்குப் பவுடர் கோட்டிங் கூடாதுங்கறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

எங்க தாய்மாமா 1974-ல வாங்கின புல்லட் 350. திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்த என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியாவோட வண்டி. 1994-ல ஐஷர் கைக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடி வந்தது. ஹெட்லைட்டுக்கு ரெண்டு பக்கமும் புலிக்கண்ணு மாதிரி சின்ன பைலட் லாம்ப், டேங்க்ல கையால இழுத்த தங்கக் கோடு, 6 வோல்ட் கரண்ட். மாமா அதுல போகாத ஊர் இல்ல. அவர் போனதுக்கப்புறம் அத்தை சாவியைக் கொண்டுவந்து என் கையில குடுத்து, "நீ வச்சுக்கோப்பா, வித்துடாத"ன்னாங்க. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

2019-ல ஆர்.சி. புதுப்பிச்ச கையோட வண்டியை அக்குவேறா கழட்டினேன். சேஸ், ஸ்விங் ஆர்ம், ரெண்டு மட்கார்டு, டூல் பாக்ஸ், ஸ்டாண்டு எல்லாத்தையும் ஒரு ஆட்டோவுல ஏத்தி ஒரு பவுடர் கோட்டிங் யூனிட்ல இறக்கினேன். மூணே நாள். கருகருன்னு, முகம் பாக்கற மாதிரி திரும்பி வந்துச்சு. செலவும் பெயிண்டர் கேட்டதுல பாதி. புதுப்பேட்டையில நமக்குப் பழக்கமான பெயிண்டர் பாய் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட பெருமையா போய்க் காட்டினேன். தடவிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "நல்லா இருக்கு தம்பி. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எப்படி எடுப்பே?"

தொழில் போற கடுப்புல பேசறார்னு நினைச்சேன். (மன்னிச்சுக்குங்க பாய்.)

பவுடர் கோட்டிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: பாலியஸ்டர் இல்லேன்னா எபாக்ஸி பிசினைப் பொடியா அரைச்சு, அதுக்கு மின்னூட்டம் குடுத்து இரும்பு மேல தூவுவாங்க. பொடி போய் ஒட்டிக்கும். அப்புறம் 180லேர்ந்து 200 டிகிரி அடுப்புல கால்மணி நேரம் போல வச்சா உருகிப் பரவி, இறுகி, ஒரே தோலா ஆயிடும். தின்னர் கிடையாது, வழியாது, கெட்டியா இருக்கும். சுற்றுச்சூழலுக்கும் பெயிண்டை விட நல்லது. இதெல்லாம் நிஜம். கேட்டு, ஜன்னல் கம்பி, புதுசா செஞ்ச கிராஷ் கார்டு, லக்கேஜ் கேரியர் இதுக்கெல்லாம் இதைவிட நல்ல சமாச்சாரம் இல்ல. என் சண்டை பவுடரோட இல்ல. அதைக் கொண்டுபோய் அம்பது வருஷத்து இரும்பு மேல பூசுறதோடதான்.

தலைவலி முதல் நாளே ஆரம்பிச்சுது. பின் மட்கார்டுல மாமா காலத்துல தகரப் பட்டறையில ஈயப் பற்று வச்சு அடைச்ச ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலயே உருக ஆரம்பிக்கும். அடுப்போ 200. மட்கார்டு திரும்பி வந்தப்ப ஓட்டை மறுபடியும் ஓட்டையா இருந்துச்சு, ஓரத்துல உருகின ஈயம் கண்ணீர்த்துளி மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு. யூனிட்காரங்களைக் குறை சொல்ல முடியாது. நான் சொல்லியிருக்கணும். சாதாரண பட்டி வச்ச இடமும் அந்தச் சூட்டைத் தாங்காது, இதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்குங்க.

அடுத்தது மாட்டும்போது. பவுடர் தோல் 60லேர்ந்து 100 மைக்ரான் வரைக்கும் இருக்கும். ஹேண்டில் கழுத்துல பால்ரேஸ் கப்பு உட்காரற இடம், ஸ்விங் ஆர்ம் புஷ், போல்ட் மரை எல்லாத்துலயும் ஏறிக்கிச்சு. டேப் ஒட்டி மறைக்கச் சொல்லணும்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு நாள் உட்கார்ந்து சுரண்டினேன். இஞ்சின் மவுண்டிங் போல்ட்டை இறுக்கினா, கொஞ்ச நாள்ல பவுடர் தோல் நசுங்கி போல்ட் லூஸாகும். மறுபடி இறுக்கணும். அப்புறம் எர்த்து. நம்ம வண்டியில கரண்ட் திரும்பற வழியே சேஸ்தான். பவுடரோ மின்சாரம் கடத்தாது. ஹாரன் தவளை மாதிரி கத்துச்சு, புலிக்கண்ணு ரெண்டும் அரைத்தூக்கத்துல எரிஞ்சுது. எர்த் வர்ற இடத்தையெல்லாம் தேடித்தேடிச் சுரண்டி சரி பண்ணினேன்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பொறுத்துக்கலாம். பொறுத்துக்க முடியாதது ரெண்டு.

ஒண்ணு, துரு. 2021 மழைக்காலம் முடிஞ்சதும் சென்டர் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சின்னக் கொப்புளம். நகத்தால கிள்ளினேன், உரிச்ச வாழைப்பழத் தோல் மாதிரி விரல் நீளத்துக்குக் கையோட வந்துடுச்சு. உள்ள செக்கச்செவேல்னு துரு. பெயிண்ட்ல துரு வந்தா அந்த இடத்துல தெரியும், அங்கயே தேய்ச்சு அங்கயே தொட்டு அடிச்சுக்கலாம். பவுடர்ல ஒரு கல்லடி பட்டு ஓட்டை விழுந்தா, தண்ணி உள்ள போய்த் தோலுக்கு அடியிலயே ஊர்வலம் போகும். மேல பளபளப்பு அப்படியே இருக்கும். நாம சந்தோஷமா துடைச்சுக்கிட்டு இருப்போம். தொட்டு அடிக்கவும் முடியாது. சரி பண்ணணும்னா மொத்தத்தையும் உரிக்கணும்.

ரெண்டாவது, 2024 ஏப்ரல். மறுபடி ஆர்.சி. புதுப்பிக்கற வருஷம். தெரிஞ்சிருக்கும், சேஸ் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு அச்சு எடுப்பாங்க. புல்லட்ல அது ஹேண்டில் கழுத்துல இருக்கு. தேய்ச்சா நம்பருக்குப் பதிலா மொழுக்குன்னு ஒரு கறுப்புத் திட்டு விழுந்துச்சு. எழுத்துக் குழியெல்லாம் பவுடர் நிரம்பிப் போயிருக்கு! ஆய்வாளர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். நம்பரை அழிச்ச வண்டின்னு சந்தேகம் வந்தா தப்பே சொல்ல முடியாது. "க்ளீன் பண்ணிட்டு வாங்க சார், நம்பர் தெரியாம கையெழுத்துப் போட முடியாது"ன்னார். நியாயம்தானே. மாமா வாங்கின வண்டி, அத்தை நம்பிக் குடுத்த வண்டி, என் ஒருத்தன் அவசரத்தால அடையாளமே இல்லாம நின்னுச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கல.

சரி, உரிச்சுடலாம்னு முடிவு பண்ணினேன். பாய் கேட்ட கேள்விக்கு அர்த்தம் அப்பதான் புரிஞ்சுது.

முதல்ல ஆங்கிள் கிரைண்டர்ல வயர் பிரஷ் மாட்டிப் பார்த்தேன். பெயிண்ட்னா தூளா பறக்கும். பவுடர் சூட்டுல இளகி, சூயிங்கம் மாதிரி இழுபட்டு, பிரஷ்ல அப்பிக்கிச்சு. ஒரு சாண் எடுக்க ஒரு மணி நேரம்.

அடுத்து நான் செஞ்சது முட்டாள்தனம். தயவுசெஞ்சு இந்தப் பாராவை மட்டும் ரெண்டு தடவை படிங்க. ஹார்டுவேர் கடையில பெயிண்ட் ரிமூவர் ஒரு டப்பா வாங்கினேன். மே மாசம், மதியம், பக்கத்து வீட்டுக்கு நாத்தம் போகக்கூடாதுன்னு கார் ஷெட் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிட்டு, குனிஞ்சு உட்கார்ந்து பிரஷால பூசினேன். வேலை செய்யுது சார், சும்மா சொல்லக்கூடாது. பத்து நிமிஷத்துல பவுடர் சுருங்கி அப்பளம் மாதிரி பொரிஞ்சு எழும்புது. நானும் உற்சாகமா அடுத்த கோட்டு, அடுத்த கோட்டுன்னு போய்க்கிட்டிருந்தேன். தலை லேசா கிறுகிறுன்னுச்சு. வெயில்னு நினைச்சேன். அப்புறம் ஸ்க்ரேப்பர் எங்க வச்சேன்னு தெரியல, கையில இருக்கறதே தெரியல. மோர் குடுக்க வந்த வீட்டம்மா ஷட்டரைத் தூக்கிப் பார்த்துட்டுப் போட்ட சத்தத்துலதான் வெளிய வந்தேன். வாசல்லயே வாந்தி.

அப்புறம்தான் படிச்சேன். பழைய ரக ரிமூவர்ல இருக்கறது மெத்திலீன் குளோரைடு. கிட்டத்தட்ட 40 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகற திரவம். நம்ம ஊர் மே மாச ஷெட்டுல அது பிரஷ்லயே கொதிக்குது! ஆவி காத்தை விடக் கனம், கீழ தங்கும். குனிஞ்சு உட்கார்ந்தவன் மூக்குலதான் நேரா போகும். உடம்புக்குள்ள போனதும் அதுல ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடா மாறும், அதுவும் இதயக்கோளாறு இருக்கறவங்களுக்கு எமன். சாதாரண துணி மாஸ்க்கு மட்டுமில்ல, கரி ஃபில்டர் போட்ட மாஸ்க்கே இதுக்கு ரொம்ப நேரம் தாங்காது. ரப்பர் கையுறையை நிமிஷத்துல ஊடுருவிடும். அமெரிக்காவுல குளியல் தொட்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப் போன தொழிலாளிங்க பல பேர் இதாலயே செத்திருக்காங்க. 2019-ல அங்க வீட்டு உபயோகத்துக்கான ரிமூவர்ல இதை விக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க. 2024-ல பெரும்பாலான மத்த உபயோகங்களுக்கும் தடை வந்துச்சு. என்னை ஒரு டம்ளர் மோர் காப்பாத்துச்சு. பட்டறையில பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் தினமும் இதைக் கையில தொட்டுக்கிட்டு இருப்பான் பாருங்க, அவனுக்கு யார் மோர் கொண்டு வருவா?

இதையும் சேர்த்துத்தான் சொல்றேன். "பிடிக்கலேன்னா உரிச்சுக்கலாம்"னு ஈஸியா சொல்றோம். உரிக்கறவன் நாமளா இருக்க மாட்டோம். காசு குடுத்து வேற ஒருத்தன் நுரையீரலை வாடகைக்கு எடுப்போம்.

கடைசியா வேலைக்கு ஆன வழி இது. மொட்டை மாடியில, காத்தோட்டமா, ஹீட் கன் வச்சு கொஞ்சம் கொஞ்சமா இளக்கி ஸ்க்ரேப்பரால வழிச்சேன். புகை வர்ற அளவுக்குக் காய்ச்சக்கூடாது, அந்தப் புகையும் நல்லதில்ல. நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. சேஸ் நம்பர் இருக்கற இடத்தை மட்டும் தனியா, லேசா சூடு காட்டி, பித்தளை பிரஷும் பல்குச்சியுமா எடுத்தேன். அங்க கிரைண்டர், உப்புத்தாள் எதுவும் படவே கூடாது. நம்பர் தேஞ்சா வம்பு இன்னும் பெருசு. மிச்சம் மீதிக்கு, நம்பர் மேல கெட்டியா டேப் சுத்திட்டு, கார்னெட் பிளாஸ்டிங்குக்குக் குடுத்தேன். எடுத்த உடனே பிளாஸ்டிங் குடுத்தா பவுடர் ரப்பர் மாதிரி துகளைத் திருப்பி அடிக்கும், முதல்ல வழிச்சுட்டுக் குடுத்தாதான் சீக்கிரம் முடியும். ஆத்து மணல் போட்டு அடிக்கற இடத்துக்குப் போகாதீங்க. அந்த சிலிக்கா தூசி ஆளோட நுரையீரலைக் கல்லாக்கிடும். மட்கார்டு தகரத்துக்கு பிளாஸ்டிங்கே வேணாம், நெளிஞ்சுடும். கையாலதான் எடுக்கணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

பிளாஸ்டிங் முடிஞ்சு சாம்பல் நிறத்துல வெறும் இரும்பா சேஸ் வந்துச்சு. பாய் வந்து பார்த்தார். சென்டர் ஸ்டாண்டு மாட்டற இடத்துக்கிட்ட ஒரு பழைய வெல்டிங். அதோட ஓரத்துல விரலை வச்சு, "தம்பி, இது கோடா, விரிசலா?"ன்னார். எனக்கு ஒண்ணும் தெரியல. லேத்துப் பட்டறையில சிவப்புச் சாயம் அடிச்சு, துடைச்சு, மேல வெள்ளைப் பொடி அடிக்கற சோதனை பண்ணினாங்க. வெள்ளை மேல முடி கனத்துல சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்துச்சு. கட்டைவிரல் நீளம்.

அஞ்சு வருஷம் அந்தச் சேஸ்லதான் ஓட்டியிருக்கேன். பின்னாடி என் பொண்ணை உட்கார வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கேன்.

விரிசல் எப்பலேர்ந்து இருந்துச்சு, தெரியாது. ஆனா பவுடர் தோல் வளைஞ்சு குடுக்கும். அடியில இரும்பு பிளந்தாலும் மேல தோல் கிழியாம மூடி வச்சிருக்கும். பெயிண்ட் அப்படி இல்ல, இரும்பு விட்டா அதுவும் விடும். அந்தக் கோட்டுல துரு கசியும், வண்டி கழுவறப்ப கண்ணுல படும். பெயிண்ட் சீக்கிரம் உடையுதுன்னு நாம குறை சொல்றோமே, அந்தக் குறைதான் பழைய வண்டிக்குக் காவல். அம்பது வருஷம் உழைச்ச இரும்புக்கு வலிக்கற இடத்தைச் சொல்ல ஒரு வாய் வேணும். நான் அதை அடைச்சு வச்சிருந்தேன்.

விரிசலை நல்ல வெல்டர்கிட்ட சரி பண்ணி, மறுபடி சாயச் சோதனை பண்ணிட்டுத்தான் பெயிண்டுக்குப் போனோம். பாய் செஞ்ச முறையைச் சொல்றேன், யாருக்காவது உதவும். வெறும் இரும்பை ஒரு ராத்திரி கூட விடல. நம்ம கடற்கரைக் காத்துக்கு விடியறதுக்குள்ள செவந்துடும். அன்னைக்கே தின்னர்ல துடைச்சு எபாக்ஸி பிரைமர். பள்ளம் இருந்த இடத்துல பட்டி, அதுவும் பிரைமருக்கு மேலதான். அப்புறம் சர்ஃபேசர், காஞ்சதும் 400, 600 நம்பர் வாட்டர் பேப்பர். மேல டூ-கே பி.யூ. கறுப்பு, மெல்லிசா ரெண்டு கோட்டு. பி.யூ. ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, ஆஸ்துமா வரும், அதனால இதுவும் சாதுவான பொருள் இல்ல. நல்ல மாஸ்க், திறந்த இடம், பக்கத்துல குழந்தைங்க கூடாது. பாய்க்கு நான் வாங்கிக் குடுத்த மாஸ்க்கை முதல்ல கிண்டல் பண்ணினார். அப்புறம் போட்டுக்கிட்டார்.

முடிஞ்சதும் பார்த்தா, பவுடர் போட்டப்ப இருந்த அந்த பிளாஸ்டிக் பொம்மை பளபளப்பு இல்ல. லக்கோட ஓரம், வெல்டிங் போட்ட அடுக்கு, வார்ப்பு சொரசொரப்பு எல்லாம் தெரியுது. திருவொற்றியூர்ல யாரோ ஒருத்தர் கையால செஞ்சதுன்னு தெரியுது. டேங்க் கோட்டை மட்டும் நான் தொடல. மாமா பேண்ட் உரசி ஒரு பக்கம் மங்கியிருக்கு, இருக்கட்டும்.

பென்சில் அச்சு இந்தத் தடவை நம்பரோட விழுந்துச்சு. ஆர்.சி. கைக்கு வந்துடுச்சு. 2021 ஜூலையில மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி அம்பது வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதிவு பண்ணலாம், சேஸையும் இஞ்சினையும் பெருசா மாத்தாம மூல வடிவத்துலயே இருக்கணும். அப்படிப் பதிஞ்சா தினசரி ஓட்ட முடியாதுங்கறதால நான் போகல. மாமா வண்டி ரோட்டுலதான் இருக்கணும். ஆனா அதுக்கு ஆசைப்படறவங்க அந்தச் சேஸ் நம்பரை உயிரா பாத்துக்குங்க.

"அட, யூனிட்காரன் ஒழுங்கா டேப் ஒட்டி, பாஸ்ஃபேட் முக்கி, நல்லா செஞ்சிருந்தா இவ்வளவு வந்திருக்காதே"ன்னு நீங்க கேக்கலாம். உண்மைதான். பாதிப் பிரச்சினை வந்திருக்காது. எர்த், மரை, நம்பர், துரு கூட. ஆனா விரிசல்? எவ்வளவு நல்லா செஞ்சாலும் தோல் தோல்தான். நல்லா ஒட்டின தோல் இன்னும் நல்லா மறைக்கும். உரிக்கறதும் இன்னும் கஷ்டமாகும்.

என் கருத்து இவ்வளவுதான். பழைய வண்டி நமக்குச் சொந்தமில்ல, கொஞ்ச நாள் நம்ம கையில இருக்கு. நமக்கப்புறம் ஒருத்தர் அதைக் கழட்டுவார். நாம செய்யற எந்த வேலையும் அவர் உயிரைப் பணயம் வைக்காம திருப்பிச் செய்யக்கூடியதா இருக்கணும். ஆயுசுக்கும் போகாதுங்கறது வாஷிங் மெஷினுக்குப் பெருமையா இருக்கலாம். அம்பது வருஷ வண்டிக்கு அது சாபம்.

உங்கள்ல யாராவது இந்த வாரம் சேஸை ஆட்டோவுல ஏத்தத் தயாரா இருந்தா, ஒரு நாள் தள்ளிப் போடுங்க. முதல்ல வெறும் இரும்பாக்கி, பகல் வெளிச்சத்துல ஒவ்வொரு வெல்டிங்கா தடவிப் பாருங்க. அப்புறம் என்ன பூசணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

டிஸ்கி: பொண்ணு இப்ப சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போறா. "உன் வண்டியில வரமாட்டேன்பா, அது ரொம்ப சத்தம்"னு சொல்லிட்டா. விரிசல் விஷயத்தை அவகிட்ட இன்னும் சொல்லல. வீட்டம்மாகிட்டயும்தான். அவங்க யாரும் இதைப் படிக்கறதில்லங்கற தைரியத்துலதான் எழுதியிருக்கேன்.